பன்னிரண்டாம் இடத்துக்கு இரண்டு பேர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் ஜோசியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கைரேகை பார்க்கத் தெரியாது, கட்டம் போடவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் கால்பந்து லீக் தொடங்குவதற்கு முந்தின நாள், பன்னிரண்டு அணிகளும் கடைசியில் எந்தெந்த இடத்தில் வந்து நிற்கும் என்று எழுதிச் சுவரில் மாட்டுவார். பதினோரு வருஷமாக எழுதுகிறார். பதினோரு வருஷமும் தப்பு. ஒன்றிரண்டு தப்பு என்றால் மன்னிக்கலாம், இது வேண்டுமென்றே செய்த மாதிரி தப்பு.

வயது ஐம்பத்தெட்டு. வேலை பெரிய ரோலரில். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால், கொதிக்கிற உருளையில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் காய்ந்து தட்டையாக வரும். வருவதைப் பிடித்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. ஒரு சுருக்கம் தங்கிவிட்டால், அது எழுந்திருக்க முடியாத ஒருவரின் முதுகுக்கடியில் போய் உட்கார்ந்து, நாலு நாளில் புண்ணாகும். இது ஜோசியருக்குத் தெரியும். அதனால் அவர் மடிக்கிற விரிப்பில் சுருக்கம் இருக்காது. சளி பிடித்திருந்தாலும் சரி, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் சரி, கை தன் பாட்டுக்கு நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, பிறகு மூன்று என்று மடித்து, மடிப்பு வெளியே தெரிகிற மாதிரி அடுக்கில் வைத்துவிடும்.

மற்றவர்கள் தங்கள் கணிப்பைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டுவார்கள். ஜோசியர் மட்டும் துணியில். முதல் வருஷம் சீசன் பாதியில் அவர் தாளைத் திருத்திவிட்டார் என்று வேன் டிரைவர் பழி போட்டார். ஜோசியருக்கு ரோஷம் வந்துவிட்டது. கிழிந்து கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றை எடுத்து, வார்டு பெயர் குறிக்கிற மையால் எழுதினார். அந்த மை தொண்ணூறு டிகிரி வெந்நீரில் துவைத்தாலும் போகாது. "இப்போ திருத்திக் காட்டுய்யா பார்க்கலாம்" என்றார். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜோசியர் பிறவி நீலக்காரர். நீல அணி ஜெயித்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும். முதல் இரண்டு வருஷம் மனசார நீலம்தான் முதலிடம் என்று எழுதினார். ஒரு வருஷம் ஒன்பதாவதாக வந்தது, அடுத்த வருஷம் பதினொன்றாவதாக. பன்னிரண்டாவதாக வருகிற அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள், மயிரிழையில் தப்பியது. மூன்றாம் வருஷம் வெறுத்துப்போய், 'நாசமாப் போங்கடா' என்று நீலத்தைக் கடைசியில் எழுதினார். அந்த வருஷம் நீலம் கோப்பை வாங்கியது.

அன்றைக்குப் புரிந்தது அவருக்கு. தன் வாயில் எது வந்தாலும் அதற்கு நேர் எதிராக நடக்கிறது. அதற்கப்புறம் வருஷா வருஷம் நீலம் பன்னிரண்டு. நீலம் இறங்கவே இல்லை. இந்த ரகசியம் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரை நீலத்தின் பரம விரோதி என்று நினைத்தார்கள். வேன் டிரைவர் தீவிர நீலக்காரர். ஒன்பது வருஷமாக ஜோசியர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் டீ குடித்ததில்லை. ஜோசியரும் விளக்கவில்லை. வெளியே சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம்.

இந்த வருஷம் சீசன் தொடங்க நாலு நாள் இருக்கும்போது மகள் போன் செய்தாள். மருமகன் பச்சை அணியில் இரண்டாவது கோல்கீப்பர். பச்சை போன வருஷம்தான் மேல் பிரிவுக்கு ஏறி வந்த அணி.

"அப்பா, இந்த வருஷம் எங்களைக் கடைசில போடுங்கப்பா."

"எங்களைன்னா?"

"பச்சையைத்தான். பெரிய கோல்கீப்பருக்கு முட்டி போயிடுச்சு. இவர்தான் நிக்கப்போறாரு. டீம் இறங்கிட்டா ஒப்பந்தம் தானா முடிஞ்சுடுமாம், கையெழுத்து போட்ட தாள்லயே இருக்கு. குழந்தைக்கு இன்னும் ரெண்டு வயசு முடியலப்பா."

"மாப்பிள்ளை கேக்கச் சொன்னாரா?"

"அவரு இதெல்லாம் நம்பமாட்டாரு. நான்தான் கேக்கறேன்."

"அம்மாடி, பன்னிரண்டாம் இடம் ஒண்ணுதானே இருக்கு. அதுல ஏற்கெனவே ஆள் இருக்கே."

"நீலத்தைப் பதினொண்ணுல போடுங்களேன்."

"பதினொண்ணுல போட்டா காப்பாத்துமான்னு தெரியாது. நான் பண்ணிப் பார்த்ததில்ல."

மகள், "உங்களுக்கு நீலம் பெரிசா நான் பெரிசாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மனைவியிடம் சொன்னார். அவள் துணி உதறிக்கொண்டே, "உங்க வாய்க்காத்துலதான் பந்து நகருதாக்கும்! பத்து மைல் தள்ளி விளையாடறவனுக்கு நீங்க எழுதினது எப்படித் தெரியும்?" என்றாள். இரண்டு துணி உதறி முடித்ததும், "இருந்தாலும் பொண்ணு வாய்விட்டுக் கேட்டுட்டா. எழுதிட்டுத்தான் போங்களேன்" என்றாள். நம்புகிறாளா இல்லையா என்று ஜோசியருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபட்டிருக்காது.

இரண்டு நாள் அவர் தலை ரோலரில் மாட்டிய துணி மாதிரி சுற்றியது. நீலம் இந்த வருஷம் ஆபத்தில் இருந்தது. கோல் அடிக்கிறவனை விற்றுவிட்டார்கள். இந்த வருஷம் போய்க் கையை எடுத்தால் நீலம் இறங்கிவிடும். இறங்கினால் கொன்றது தான்தான். பச்சையை விட்டால் மகள் குடும்பம் நடுத்தெருவில். இரண்டையும் ஒரே இடத்தில் எழுத முடியாது. வேன் டிரைவர் பார்த்தால், "ஜோசியருக்குப் பன்னிரண்டு வரைக்கும் எண்ணத் தெரியல" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது கழித்த விரிப்பு இரண்டை எடுத்தார். ஒன்றில் நீலம் பன்னிரண்டு, பச்சை பதினொன்று. இன்னொன்றில் பச்சை பன்னிரண்டு, நீலம் பதினொன்று. மற்ற பத்தும் இரண்டிலும் ஒன்றே. நாளைக்கு மனசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை மாட்டுவது, மற்றதைத் தரை துடைக்கக் கிழித்துவிடுவது என்று திட்டம். மை காய்ந்ததும் எழுத்து உள்ளே போகிற மாதிரி மடித்து, தன் மேஜையடியில் வைக்கலாம் என்று திரும்பினார். அந்த நேரம் பார்த்து ரோலர் பக்கத்தில் ஒரு தலையணை உறை சிக்கிக்கொண்டு புகைந்தது. ஓடிப்போய் அணைத்து, உறையை இழுத்து எடுத்து, திரும்பி வந்தார்.

மேஜையடியில் ஒன்றுதான் இருந்தது.

என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கழித்த விரிப்பை யாரும் அழகாக மடிப்பதில்லை, சுருட்டி எறிவார்கள். இவர் கைக்குச் சுருட்டத் தெரியாது. நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, பிறகு மூன்று. மடித்த கை, பழக்கத்தில், ஒன்றைக் கொண்டுபோய் வார்டு அடுக்கின் மேலேயே வைத்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்த வேன் டிரைவர் அதற்குள் அடுக்கை ட்ராலியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது மாடி, பதினாறு வார்டு.

மிச்சமிருந்ததைப் பிரித்துப் பார்த்தார். பச்சை பன்னிரண்டு. அப்படியென்றால் நீலம் பன்னிரண்டு ஆஸ்பத்திரிக்குள் எங்கேயோ போய்விட்டது. அது கணக்கில் சேருமா? எழுதினால் போதுமா, மாட்டினால்தானா? யாராவது படித்தால்தான் பலிக்குமா? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விகள் அவருக்கு வந்ததே இல்லை. இரண்டுமே சேரும் என்றால் இரண்டு அணியும் தப்பிக்கும், அதைவிட நல்லது எது? இல்லை, ஒன்றை ஒன்று அடித்துப்போட்டுவிட்டால்? ராத்திரி சோறு போட்டதும் தெரியவில்லை, தின்றதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சலவைக்கூட போன் அடித்தது. எலும்பு முறிவு வார்டு சிஸ்டர்.

"யாருய்யா அங்க ஃபுட்பால் பைத்தியம்? என் வார்டு பெட்ஷீட்ல பன்னிரண்டு வரி எழுதியிருக்கு!"

"சிஸ்டர், அது தெரியாம..."

"தெரியாம எழுதினியா? வந்து பதில் சொல்லிட்டுப் போ. பேஷன்ட் துணியை மாத்தவே விடமாட்டேங்கறாங்க. எழுதினவன் வரணுமாம்."

மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். எழுபது வயதுக்கு மேலே இருக்கும் ஓர் அம்மாள், இடுப்பெலும்பு மாற்றி நாலாம் நாள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. வார்டில் எல்லோரும் அவரைக் கண்டக்டரம்மா என்றார்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். குரல் இன்னும் பின் படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"நீதானா அது?"

"ஆமாங்கம்மா."

"முந்தாநாள் நர்ஸ் புள்ள ஒருத்தி வார்டு முத்திரைன்னு நினைச்சு விரிச்சுட்டா. ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க வைக்கறப்போ ஒரு வரி, காலையில மறுபக்கம் திருப்பறப்போ ஒரு வரின்னு படிச்சுட்டு வரேன். கடைசி வரி எங்க இருந்துச்சு தெரியுமா? சரியா என் இடுப்புக்கு அடியில. நீலம் பன்னிரண்டாம். நான் பொறந்ததுலருந்து நீலம்! என்னையே அது மேல படுக்க வச்சிருக்கீங்க!"

"நேத்துதாம்மா விரிச்சது, முந்தாநாள் இல்ல" என்றார் சிஸ்டர்.

"வலியில எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ சொல்லுய்யா. என்ன தைரியத்துல எழுதின?"

ஜோசியர் வாசல் பக்கம் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை. ஒன்பது வருஷம் கட்டிக் காத்ததை, ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். தானும் நீலம்தான், வாயில் வருவது தலைகீழாக நடக்கும், அதனால்தான் கடைசியில் எழுதுவது, இந்த வருஷம் மகள் கேட்கிறாள், மருமகன் பச்சை, ஒப்பந்தம், இரண்டு துணி.

கண்டக்டரம்மா கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தார். "அப்போ நீ நம்ம ஆளா?"

"ஆமாங்கம்மா."

"நம்ம டீமை நீதான் ஒன்பது வருஷமா தாங்கிப் பிடிச்சிருக்க?"

"அப்படின்னு நினைக்கறேன்."

"அடப்பாவி. போன வருஷம் கடைசி ஆட்டத்துல அந்தக் கடைசி நிமிஷ கோல் நீ போட்டதா? நான் அந்தப் பையன் போட்டதுன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்!"

பக்கத்துக் கட்டில் நோயாளி சிரித்தார். சிரித்தால் அவருக்கு விலா வலிக்கும், பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"சரி, அதை விடு" என்றார் கண்டக்டரம்மா. "மந்திரம் மாயமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமா, உன் மனசுல, இந்த வருஷம் யாரு இறங்குவாங்கன்னு படுது?"

ஜோசியர் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் பார்க்கிறவர். எந்தத் தடுப்பாட்டக்காரனுக்கு எந்தக் கால் மட்டம் என்று தூக்கத்தில் சொல்லுவார். ஆனால் 'எது நடக்கும்' என்று தன்னிடமே கேட்டு ஒன்பது வருஷமாகிவிட்டது. எதை எழுதினால் எது நடக்காமல் இருக்கும் என்று மட்டும்தான் யோசித்துப் பழக்கம்.

"சொல்லுய்யா. இறங்கற ஸ்டாப் தெரியாம பஸ்ல ஏறினவன் மாதிரி முழிக்கற."

"நீலம்..." என்று மெதுவாக ஆரம்பித்தார். "கோல் அடிக்கறவனை வித்துட்டாங்க, சரி. ஆனா நடு ஆட்டம் அப்படியே இருக்கு. ரெண்டு கோல் அடிக்க முடியாட்டியும் ஒரு கோல் வாங்காம இருப்பாங்க. தட்டுத் தடுமாறி ஒன்பதாவது வந்துடுவாங்க."

"அதுதான் என் கணக்கும். அப்புறம்?"

"பச்சைக்குப் பின்னால ஆளே இல்லீங்கம்மா. புது கோச் எல்லாரையும் முன்னால ஏத்தி விடறாரு. கார்னர் வந்தா ஒருத்தனை ஒருத்தன் பார்த்துட்டு நிக்கறானுங்க. என் மாப்பிள்ளை தரையோட வர்ற பந்தைப் புலி மாதிரி பாய்ஞ்சு பிடிப்பாரு. உயரத்துல வந்தா போலாமா வேணாமான்னு யோசிப்பாரு. யோசிக்கறதுக்குள்ள பந்து உள்ள போயிடும்." இங்கே நிறுத்தினார். "பச்சைதான் இறங்கும். தையோ மாசியோ, அதுக்குள்ளயே தெரிஞ்சுடும்."

சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டே, "எங்க வீட்ல ஒருத்தருக்கு வேலை போகப்போகுதுன்னு எனக்கு இவ்வளவு விவரமாத் தெரிஞ்சிருந்தா, நான் துணியில எழுதிட்டு நிக்கமாட்டேன்" என்றார். "நகருங்க. அம்மா, அந்தப் பக்கம் திரும்புங்க. காலைக் குறுக்கே போடாதீங்க, தலையணை நடுவுலயே இருக்கணும்."

கண்டக்டரம்மாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார்கள். சிஸ்டர் பழைய விரிப்பை நீளவாக்கில் முதுகு வரைக்கும் சுருட்டி, புதியதை அதை ஒட்டிப் போட்டு, அவரை அந்த மேட்டின் மேல் மெல்லப் புரட்டி, மறுபக்கம் வழியாக உருவி எடுத்தார். ஒரு நிமிஷ வேலை. பன்னிரண்டு அணியும் அழுக்குப் பைக்குள் போயின. அந்தப் பையில் போனது துவைத்துத்தான் வெளியே வரும், கேட்டு வாங்க முடியாது.

"நீலம் ஒன்பதாவது!" என்று கண்டக்டரம்மா பின்னாலிருந்து கத்தினார். "மறக்காத!"

ஜோசியர் படிக்கட்டில் இறங்கி, முதல் மாடித் திருப்பத்தில் நின்று மகளுக்குப் போன் போட்டார்.

"எழுதிட்டீங்களாப்பா?"

"அது இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பச்சை இறங்கிடும்மா."

"அப்பா!"

"பின்வரிசை சரியில்ல. மாப்பிள்ளை மேல தப்பு சொல்லல. உயரப் பந்து மட்டும்... அது வேற. அவருக்கு வேற ஒரு இடம் இப்பவே பார்த்து வைங்க. எங்கேயாவது பயிற்சி கொடுக்கற வேலை, ஸ்கூல், எதுவா இருந்தாலும். சீசன் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அவரு ஏற்கெனவே எழுதி அனுப்பிட்டாருப்பா. பத்து நாளாச்சு. ஒரு ஸ்கூல்ல ஆள் கேட்டிருந்தாங்க."

"என்கிட்ட சொல்லலியே?"

"அவரும் இதையேதான் சொல்றாரு, இறங்கிடும்னு. நீங்க கேட்டா மனசு உடைஞ்சுடுவீங்கன்னு சொல்ல வேணாம்னாரு. நீங்களாவது தாங்கிப் பிடிப்பீங்கன்னு நான் அவருக்குத் தெரியாம உங்ககிட்ட கேட்டேன்."

யார் யாருக்குப் பயந்து எதை மறைத்தார்கள் என்று ஜோசியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு வரவில்லை.

"அப்பா, இப்போ சொன்னீங்களே, அது நிஜமா சொன்னதா, இல்ல வழக்கம்போலவா?"

"நிஜமாத்தாம்மா."

"அப்போ உங்க வாயில வந்துடுச்சுல்ல? எதிராத்தானே நடக்கும்? தப்பிச்சுடுவோமா?"

"தெரியலம்மா. நிஜமா சொல்லிப் பழக்கமில்ல. அது எந்தப் பக்கம் போகும்னு தெரியல."

"எதுக்கும் பச்சையையே கடைசில எழுதிடுங்கப்பா" என்றாள் மகள். "ஸ்கூல்லருந்து இன்னும் பதில் வரல."

நாலு மணிக்குச் சலவைக்கூடத்தில் எல்லோரும் சுவர் முன்னால் கூடினார்கள். ஜோசியர் மேஜையடியிலிருந்து மிச்சமிருந்த விரிப்பை எடுத்துவந்து நாலு மூலையிலும் ஆணியில் மாட்டினார். பச்சை பன்னிரண்டு. இதை வியாழக்கிழமை எழுதியபோது, அப்படி நடக்கக்கூடாது என்பதற்காக எழுதினார். இன்றைக்கு மேலே வார்டில் அதே வார்த்தையை, அப்படித்தான் நடக்கும் என்பதற்காகச் சொன்னார். துணியில் இருப்பதோ ஒரே எழுத்து. இதைப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எழுதின தனக்கே எப்படித் தெரியும்?

வேன் டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மேலிருந்து கீழே படித்தார். பதினொன்றாம் வரியில் நீலத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"யோவ், நீலத்தை ஏன்யா கடைசில போடல?"

"போட்டாத்தான் திட்டுவியே."

"திட்டுவேன்யா! திட்டினா என்ன? நீ போட்டப்பவெல்லாம் தப்பிச்சிருக்கே! எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஒன்பது வருஷமா உன்கிட்ட பேசாம இருக்கறதே, பேசினா நீ மனசு மாறி மேல போட்டுடுவியோன்னுதான்!"

ஜோசியருக்கு ஒன்பது வருஷ டீ கண்முன் வந்துபோனது.

"இப்போ சொல்லு" என்றார் டிரைவர், குரலைத் தாழ்த்தி. "இது நீ நினைக்கறதா, இல்ல நடக்கக்கூடாதுன்னு எழுதினதா?"

"அதைத்தான்யா நானும் காலையிலருந்து யோசிச்சுட்டிருக்கேன்."

"கடைசியா என்னதான் முடிவு?"

"மாப்பிள்ளை ஸ்கூல் வேலைக்கு எழுதிப் போட்டிருக்காரு. அது ஒண்ணுதான் எனக்கு உறுதியாத் தெரியும்."

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுவந்து ஜோசியர் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார். இதனால் நீலத்துக்கு நல்லதா கெட்டதா என்று இருவருக்குமே தெரியவில்லை. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டார்கள்.